உதவித்தொகைக்காரி

பெரியவள் போனை வைத்ததும், "யாரு அக்கா போன்ல?" என்று அடுத்த அறையிலிருந்து ஓரகத்தி கேட்டாள். கால் முறிந்து, மாவுக்கட்டோடு படுத்திருந்தவள்.

"யாரோ. தப்பான நம்பர்."

பொய் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. பேசியது கல்லூரி அலுவலகம். ஓரகத்தியின் மகளுக்கு வருகைப்பதிவு குறைந்துவிட்டதாம். இன்றைக்குள் பெற்றவர் யாராவது வந்து காரணம் சொல்லாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடுமாம். அந்தப் பெண்ணின் அப்பா, பெயின்டர் கொழுந்தன், வெளியூர் வேலையில் இருந்தான். வீட்டில் எப்போதும் எடுக்கிற போன் பெரியவளுடையது என்று அந்த எண்ணையே கொடுத்து வைத்திருந்தார்கள்.

நின்றால் நிற்கட்டும் என்று வெங்காயத்தை நறுக்கத் தொடங்கினாள். போன வருஷம் இரண்டு பெண்களும் ஒன்றாகத்தான் விண்ணப்பித்தார்கள். ஒரே வீடு, இரண்டு அடுப்பு, இரண்டிலும் ஒரே மாதிரி உலை. ஆனால் இவள் புருஷன் கம்பெனி டிரைவர். சம்பளச் சீட்டு உண்டு. வருமானம் வரம்பைக் கொஞ்சம் தாண்டிவிட்டதென்று இவள் மகளைக் கழித்துவிட்டார்கள். கொழுந்தனுக்குச் சீட்டும் இல்லை, கணக்கும் இல்லை. அவன் மகளுக்குக் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து மனசுக்குள் அவளை உதவித்தொகைக்காரி என்றுதான் கூப்பிட்டாள். அது புத்தகத்தோடு படியிறங்கும்போதெல்லாம், துணிக்கடை வேலைக்குக் கிளம்பும் தன் மகளின் தேய்ந்த செருப்புதான் இவள் கண்ணில் படும்.

இனி இரண்டும் சமம். இரண்டு பெண்களும் ஒரே கடைச் சீருடையில், ஒரே பஸ்ஸில் போவதை நினைத்துப் பார்த்தாள். இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் எத்தனை தடவை நினைத்தாலும் அந்தப் பஸ் துணிக்கடை வாசலில்தான் போய் நின்றது. தன் மகளை அது வேறு எங்கேயும் இறக்கிவிடவில்லை.

பாதி வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். பின்பக்கம் தன் அம்மாவின் துணியை அலசிக்கொண்டிருந்த கொழுந்தன் மகளிடம் போய், "கையத் தொடச்சிட்டு வாடி. காலேஜுக்குப் போகணும்" என்றாள்.

அலுவலக எழுத்தர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்க இந்தப் பொண்ணோட அம்மாவா?"

பெண் வாயைத் திறப்பதற்குள், "ஆமா சார்" என்றாள் இவள்.

"ஏம்மா இத்தன நாளா அனுப்பல?"

"என் தங்கச்சி கால ஒடச்சிக்கிட்டுக் கெடக்கா சார். பாத்துக்க ஆளில்ல. நான்தான் இவள நிறுத்திட்டேன்."

"முதல் மார்க் வாங்குற பொண்ணும்மா. நல்லா வளத்திருக்கீங்க, கெடுத்துடாதீங்க. இந்த ஒரு தடவ எழுதிக்கிறேன்."

அவளுக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த கணமே அதே இடம் காந்தியது.

வெளியே வந்ததும் பெண் மெதுவாகக் கேட்டாள். "ஏன் பெரியம்மா, அம்மான்னு சொன்னீங்க?"

"வாயாடாம போ. விட்ட பாடத்த யாருகிட்டயாவது கேட்டு வாங்கிட்டு வா. நாளையிலேர்ந்து உங்கம்மாவ நான் பாத்துக்கறேன்."

பெண் உள்ளே ஓடினாள். மணி அடித்தது. கதவுகள் திறந்து, மாணவிகள் சிரித்துக்கொண்டும் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டும் தாழ்வாரத்தை நிறைத்தார்கள். அவள் சுவரோரமாக ஒதுங்கி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நின்றாள், தன் பெண்ணை அழைத்துப்போக வந்தவளைப் போல.