ஆறரைக் குதிரையும் பதினைந்து லிட்டரும்

...இல்லை, எஞ்சின் மேல் தப்பே இல்லை, ஆறரை குதிரைசக்தி எஞ்சினிடம் போய் நிமிஷத்துக்குப் பதினைந்து லிட்டர் தண்ணீரை இருநூறு பார் அழுத்தத்தில் தள்ளு என்றால் அது பாவம் என்ன செய்யும், மூச்சுத் திணறி நிற்கத்தான் செய்யும், இதை இவருக்கு எத்தனை முறைதான் சொல்வது? பெரிய பம்பு, பெரிய பம்பு என்று ஆசைப்பட்டு வாங்கி வந்தார் என் வீட்டுக்காரர், தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியின் விசையை அழுத்தியதும் எஞ்சின் அணைந்தால் கார்புரேட்டரைக் கழற்றுவார், பிளக்கை மாற்றுவார், பம்பை மட்டும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார், பெற்ற பிள்ளை மாதிரி. இன்றைக்கும் அணைந்தால் எங்கள் வாட்டர் வாஷ் கொட்டகைக்குப் பூட்டுதான்... பஸ் முதலாளி போன வாரமே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார், "இன்னொரு தடவ பாதி சோப்போட வண்டிய நிறுத்துனீங்கன்னா நான் வேற எடம் பாத்துக்குறேன்." அவர் பஸ்கள் போனால் எங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அதனால்தான் இவர் பஸ்ஸைக் கூட்டிவரப் போன நேரமாகப் பார்த்துக் காரியத்தை முடித்தேன், பம்பில் பெல்ட் ஓடும் சக்கரமான சின்ன புல்லியைக் கழற்றிவிட்டு, லேத்துக்காரரிடம் சொல்லிச் செய்த பெரிய புல்லியை மாட்டி, பெல்ட்டை இழுத்துக் கட்டி... பம்பு மெதுவாகச் சுற்றும், பதினைந்து லிட்டர் பத்தாகும், பத்தை இந்த எஞ்சின் தாராளமாக இழுக்கும். ஆனால் ஓட்டிப் பார்த்தால் தண்ணீர் செடிக்கு ஊற்றுவது போல வந்தது, அப்புறம்தான் உறைத்தது, மக்கே, தண்ணீரைக் குறைத்தாயே, துப்பாக்கி முனையில் இருக்கும் நாசில் ஓட்டையைக் குறைத்தாயா? சின்ன நாசிலைத் திருகினேன், சுவரில் இருந்த பழைய பாசி தோலோடு உரிந்தது.

இதோ இவர் அழுத்துகிறார், முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், எஞ்சின் குரல் இறங்குகிறது, இன்னும் இறங்குகிறது, ஐயோ... நின்றுவிடாதே, நின்றுவிடாதே... நிற்கவில்லை! உறுமுகிறது, பிடித்துக்கொண்டது, சக்கரத்துச் சேறு கட்டி கட்டியாகப் பெயர்ந்து விழுகிறது, கூரை, கண்ணாடி, படிக்கட்டு, ஒரு தடவைகூட இருமவில்லை என் தங்கம், எனக்குக் கத்தவேண்டும் போல இருக்கிறது, ஆமாம், நான்தான், நானேதான்! முதலாளி கையை அவிழ்த்துவிட்டார், "நாளைக்கு மத்த வண்டியையும் அனுப்பிடுறேன்" என்கிறார், வரட்டும், எல்லாம் வரட்டும்.

இவர் நனைந்த சட்டையோடு குனிந்து பெல்ட்டைப் பார்க்கிறார், பார்த்துவிட்டார். "புல்லிய நீயா மாத்துன?" நான்தான், இப்போ அதுக்கென்ன... பதிலெல்லாம் நாக்கு நுனியில் தயார், வரட்டும் ஒரு கை பார்க்கலாம். இவரோ வாயெல்லாம் பல்லாக முதலாளி பக்கம் திரும்பி, "சார், இது எங்க வீட்டம்மா வேல சார்!" என்கிறார், பிறகு என்னிடம், "பம்புதான் பெருசுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? அன்னைக்கே மாத்திருப்பேனே." சொல்லவில்லையா? சொல்லிச் சொல்லி வாய் வலித்ததே, துணி அலசும்போது சொன்னேன், காய்கறி வாங்கிவரும் வழியெல்லாம் சொன்னேன், இவர் எகிற நான் எகிற எத்தனை சண்டை... அதில் ஒன்றிலாவது இவர் என் பக்கத்தில் இருந்தாரா, இல்லை எல்லாம் என் மனசுக்குள்ளேயேதானா?