ஒரே படம், இரண்டு கேசட்

1

இந்தக் கதை ஒரு பெருக்கல் கணக்கில் பிறந்தது. மனவெழுச்சி, உள்ளொளி என்றெல்லாம் பேட்டிகளில் சொல்வதுண்டு; நம்பாதீர்கள்.

திண்டிவனத்தில் எங்கள் தெருக்காரர் மரியஅந்தோணி. பதினாறு வருடம் குவைத்தில் கிரேன் ஓட்டித் திரும்பியவர். ஒருநாள் காலையில் வாசலில் நிறுத்தி, "யோவ் எழுத்தாளரே, ஊட்ல இருக்கிற வீடியோ கேசட்டு மொத்தத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். எவ்ளோ எடம் புடிக்கும்னு கணக்கு போட்டுக் குடு" என்றார்.

எனக்குக் கணக்கு வராது என்று சொல்லிப் பார்த்தேன்.

"தெருவுல வேற வேல இல்லாதவன் நீ ஒருத்தன்தான்."

எந்த விமர்சகரும் என்னைப் பற்றி இவ்வளவு துல்லியமாக எழுதியதில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "காந்த நாடாக்களில் காலம் உறைந்து கிடந்தது, அதன் மேல் —"

உறையவில்லை. பூஞ்சை பிடித்துக் கிடந்தது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "நினைவு என்பது எத்தனை ஜிபி?" இதை எழுதியதும் எழுந்துபோய்க் கை கழுவினேன்.

மூன்றாவதைத்தான் மேலே படித்தீர்கள்.

2

கேசட்டுகள் ஒரு பழைய குவைத் சூட்கேசில் இருந்தன. மரியஅந்தோணியின் மனைவி சூசை மேரி ஒவ்வொன்றாகத் துடைத்துத் தர, நான் எண்ணினேன். மரியஅந்தோணி நாற்காலியில் அமர்ந்து உரையாற்றினார்.

"இது வெறும் கேசட்டு இல்லய்யா. குடும்ப ஆவணக் காப்பகம். நாலு தலமொற பாக்கணும்."

"மொதல்ல இந்தத் தலமொறைய எழுந்து வந்து ஒரு கை புடிக்கச் சொல்லுங்க தம்பி" என்றார் சூசை மேரி.

புதுநன்மை விழா. வேளாங்கண்ணி. முகையூர் கல்யாணம். முகையூர் கல்யாணம் (மீதி). எல்லாவற்றிலும் கோடு போட்டதுபோல நேரான கையெழுத்து.

[இந்த வரியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். சூசை மேரிக்கு ஆசிரியைக் கையெழுத்து. ஆனால் அவர் ஆசிரியை இல்லை. கிடக்கட்டும்.]

மொத்தம் அறுபத்திரண்டு. ஒன்றுக்கு மூன்று மணி நேரம் என்றால் 186 மணி. மணிக்கு இரண்டரை ஜிபி. ஆக 465. அவர் மகன் வாங்கித் தந்த டிஸ்க்கின் உறையில் 500 என்று போட்டிருந்தது; சொருகினால் 465 என்றுதான் காட்டும். அச்சாகப் பொருந்திவிட்டது. (கதையில் கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்தினால் ஆசிரியர் திருட்டுத்தனம் செய்திருக்கிறார் என்று பொருள். நான் செய்யவில்லை. தப்பாக எண்ணியிருந்தேன்.)

அறுபத்து மூன்றாவது, சூட்கேசின் அடியில் ஒரு துண்டுக்குள் இருந்தது. "குவைத்துக்கு அனுப்பியது, 1997" என்று ஏற்கெனவே ஒன்றை எண்ணியிருந்தோம். இதிலும் அதே பெயர். கீழே சின்னதாக: "மிக்சிங் இல்லாதது".

"வீடியோக்காரன் அறிவுச்செல்வன் கடைய மூடறப்ப குடுத்துட்டுப் போனது" என்றார் மரியஅந்தோணி. "நானும் போட்டுப் பாக்கல, அவளும் போட்டுப் பாக்கல."

"ரெண்டுலயும் நான்தான் பேசிக்கினு இருப்பேன். அவருதான் அப்பவே பாத்துட்டாரே. பதிலுதான் —" என்ற சூசை மேரி துடைக்கும் துணியை உதறினார். "ரெண்டுல ஒண்ணு போதும் தம்பி."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடியாத வாக்கியங்களை வைத்துப் பிழைக்கும் எனக்கும் அது அப்போது உறைக்கவில்லை.

3

விழுப்புரத்தில் வெண்ணிலாவின் கடை. அங்கே பழைய வீடியோ டெக் ஒன்றைக் கம்ப்யூட்டரோடு இணைத்து வைத்திருக்கிறாள். கேசட்டுகளை இரண்டு மூட்டையாகக் கட்டி நானும் மரியஅந்தோணியும் பஸ்ஸில் கொண்டுபோய் இறக்கினோம்.

"கேசட்டுக்கு ஏழரை ஜிபி சார். அறுபத்திரண்டு ஏறும். ஒண்ண வுடணும். இல்லன்னா பெரிய டிஸ்க்கா வாங்கிக்கினு வாங்க."

(நீங்களும் அதைத்தான் சொல்ல வந்தீர்கள், தெரியும்.)

"ஒரு குடும்பம், ஒரு டிஸ்க்கு" என்றார் மரியஅந்தோணி, மாநாட்டு மேடைக் குரலில். "ரெண்டு கேசட்டு ஒண்ணேதான். ஒண்ண வுட்டுடு."

எதை என்று பார்க்க, மிக்சிங் செய்ததை முதலில் போட்டாள். திரையில் 1997-ஆம் வருடத்து சூசை மேரி. கதவருகே நின்று கேமராவைப் பார்த்துப் பேசுகிறார். உதடு அசைகிறது. கேட்பது சினிமாப் பாட்டு.

அந்தக் காலத்து வீடியோக்காரர்களுக்கு மனிதர் பேச்சு என்பது பாட்டைப் போட்டு மூட வேண்டிய இரைச்சல். கல்யாணங்களுக்குப் போட்டுப் பழகிய கை, கணவனுக்குப் பேசி அனுப்பிய கடிதத்துக்கும் போட்டுவிட்டது. நடுவில் சூசை மேரியின் முகம் ஒரு இதயத்துக்குள் இரண்டு சுற்றுச் சுற்றியது.

"குவைத்துல நீங்க பாத்தது இதுதானாண்ணே?"

"ஆமா. ஏழு பேரு ரூம்ல. பாட்டு சூப்பர்னானுங்க."

"அண்ணி என்ன சொன்னாங்கன்னு கேக்கலியா?"

"என்னாத்த சொல்லியிருப்பா? நல்லா கீறீங்களா, சாப்ட்டீங்களா. 'கேசட் கெடச்சுது, பாத்தேன், சந்தோசம்'னு லெட்டரு போட்டேன். பாட்டுதான் கேக்குதுன்னு எழுதனா வருத்தப்படுவான்னு வுட்டுட்டேன்."

வெண்ணிலா இரண்டாவதைப் போட்டாள். அதே கதவு, அதே புடவை. பாட்டு இல்லை. பின்னால் எங்கோ ஒரு ஆடு கத்தியது.

"ஏங்க, டீச்சர் ட்ரெய்னிங்கு சீட்டு கெடச்சிருக்குது. விழுப்புரத்துலதான். ரெண்டு வருசம். புள்ளைங்கள எங்கம்மா பாத்துக்கறேன்னு சொல்லுது. போவட்டுமா? வாணாம்னு எழுத உங்களுக்கும் கஷ்டமா இருக்கும். வாணாம்னா அதப் பத்தி ஒண்ணும் எழுதாதீங்க. நானே புரிஞ்சிக்கிறேன்."

வெண்ணிலா நிறுத்தினாள்.

"நான் வாணாம்னு சொல்லவே இல்லியே" என்றார் மரியஅந்தோணி. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. மாநாட்டுக் குரலும் இல்லை.

"ஒண்ணும் சொல்லல சார். அதான்" என்றாள் வெண்ணிலா.

4

முடிவுகள் சில எழுதி வைத்திருக்கிறேன்.

அ. பேச்சு இருப்பதை விட்டுவிடுகிறார். காப்பகம் பாட்டோடு பத்திரமாகிறது. நாலு தலைமுறையும் பார்த்து, பாட்டு சூப்பர் என்கிறது.

ஆ. பாட்டுப் போட்டதை விட்டுவிடுகிறார். கிறிஸ்துமஸ் அன்று குடும்பமே கூடியிருக்க, டிவியில் சூசை மேரி கேட்கிறார். மரியஅந்தோணி இருபத்தெட்டு வருடம் கழித்து, "போ" என்கிறார். எல்லோரும் அழுகிறார்கள். [மறுபடியும் கை கழுவினேன்.]

இ. நேராக வீட்டுக்குப் போய், சூசை மேரியை உட்கார வைத்து, "எனக்கு அன்னிக்கு ஒண்ணுமே கேக்கல —"

இது நடக்காது. இந்த மனிதரை எனக்குத் தெரியும்.

நடந்தது இவ்வளவுதான். "எத வுடறது? ஜல்தி சொல்லுங்க சார், கரண்ட்டு எப்ப போவும்னு தெரியாது" என்று வெண்ணிலா கேட்டுக்கொண்டிருந்தபோது மரியஅந்தோணியின் போன் அடித்தது. சூசை மேரி. எடுக்கும்போது மரியஅந்தோணியின் கை பட்டு ஸ்பீக்கரில் விழுந்தது.

"என்னங்க, கணக்கு சரியா வந்துச்சா? எத வுட்டீங்க?"

மரியஅந்தோணி போனை என்னிடம் நீட்டினார். எழுத்தாளன்தானே, ஏதாவது சொல்லிவிடுவான் என்ற நம்பிக்கை. இரண்டு தொடக்கம் யோசித்தேன். இரண்டையும் அடித்துவிட்டேன்.

ஆகவே போன் இப்போது உங்கள் கையில். மறுமுனையில் சூசை மேரி காத்திருக்கிறார். எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள், பொய்யாக இருந்தாலும் சரி. ஒன்றும் சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

அவர் புரிந்துகொள்வார்.