ரப்பர் குழாய் கிடந்த வாரம்

டீச்சர் அந்தக் கடிதத்தை மூன்றாவது முறையாகப் படித்தபோது நான் அவர் வீட்டு வாசற்படியில் நின்றிருந்தேன். எதிர்வீட்டு மாடி ஜன்னல் என்னுடையது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். கையெழுத்து வாங்கிக் கொடுக்கிற கடிதத்தில் நல்ல சேதி எங்கே இருக்கப் போகிறது? இறங்கி வர ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. முட்டிவலி என்று இனி நான் சொன்னால் இந்தத் தெருவில் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

"என்ன டீச்சர், யாரு போட்டிருக்கா?"

"நீங்களே படிங்க அக்கா. எப்படியும் படிப்பீங்க."

டீச்சர் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. தன் வீட்டு முன்னறை இரண்டிலும் பாய் விரித்து, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகள் பன்னிரண்டு பேரைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்கிறார். இரண்டு வருடம் முன்பு இதற்கு அனுமதி கேட்டபோது நகரத் திட்ட அலுவலகம் அவரை என்ன பாடு படுத்தியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். "இந்தக் காப்பகத்தால் தெருவில் எத்தனை வண்டி புதிதாக உருவாகும்?" என்று கேட்டார்கள். உருவாகுமாம், ஏதோ டீச்சர் கொல்லையில் விதை போட்டு வண்டி முளைக்க வைக்கிற மாதிரி. அவர் ஸ்கேல் வைத்துத் தெருவை வரைந்து, காலை ஒரு மணி நேரத்தில் எட்டு வண்டிக்கு மேல் வராது என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். இருபது குழந்தைகள் சேர்க்க நினைத்தவர் பன்னிரண்டோடு நின்றதும் அதனால்தான். அன்றைக்கு நான் சிரித்தேன். பயந்த சுபாவம் என்று நான்கு வீட்டில் போய்ச் சொல்லியும் வைத்தேன்.

இப்போது வந்த கடிதம் இப்படிச் சொன்னது: தெருக்கோடியில் பூட்டிக் கிடந்த பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் பார்சல் கிடங்கு தொடங்க அனுமதி தரப்பட்டுள்ளது. காலை எட்டு முதல் பத்து மணிவரை அறுபது சரக்கு வண்டிகள் இந்தத் தெரு வழியாகப் போய்வரும். அந்த நேரத்தில் சாலையின் தாங்குதிறன் கிடங்குக்கு ஒதுக்கப்பட்டுவிட்டதால், குழந்தைகள் காப்பகத்துக்கு இனி வண்டி எதுவும் வரக்கூடாது. வந்தால் காப்பகத்தின் உரிமம் ரத்து. ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் தரவும்.

அடியில் ஒரு வரி: இச்சாலையில் தற்போது நாளொன்றுக்குச் சராசரியாக முப்பத்தொரு வண்டிகளே செல்வதாக அளவெடுப்பில் தெரியவந்துள்ளது.

முப்பத்தொன்று.

அந்த எண் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப் போகிறது. நான்கு மாதம் முன்பு ஒரு திங்கட்கிழமை, பளபளக்கும் மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் வந்து தெருவுக்குக் குறுக்கே இரண்டு கறுப்பு ரப்பர் குழாய்களைப் போட்டு ஆணி அடித்தார். குழாயின் ஒரு முனையை விளக்குக் கம்பத்தில் சங்கிலியால் கட்டிய தகரப் பெட்டிக்குள் செருகினார். கேட்காமல் இருக்க என்னால் ஆகுமா? இறங்கிப் போய்க் கேட்டேன். வண்டி ஏறி இறங்கும்போது பெட்டி எண்ணிக்கொள்ளும், ஏழு நாள் எண்ணும், கோடியில் கிடங்கு வைக்க யாரோ மனுப் போட்டிருக்கிறார்கள் என்றார்.

அதே மூச்சில் தலைவர் வீட்டுக்கு ஓடினேன். தெருச் சங்கத் தலைவர், ஆளில்லாத அறையிலும் மைக் முன்னால் நிற்பவர் போலத்தான் பேசுவார். மாடிப்படியில் நின்றபடியே கூட்டத்தைக் கூட்டிவிட்டார்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. பெட்டியில வண்டி கம்மியா பதிஞ்சா இது அமைதியான தெரு. அமைதியான தெருவுல கிடங்கு வைக்க எவன் விடுவான்? ஏழு நாள். ஏழே நாள். ஒரு சக்கரம் அந்தக் குழாய் மேல ஏறக்கூடாது!"

எல்லோரும் கை தட்டினோம். வீடு வீடாகப் போய்ச் சொல்லும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த வாரம் நாங்கள் அடித்த கூத்து இருக்கிறதே! கார்களையெல்லாம் ஒரு கிலோமீட்டர் தள்ளிச் சந்தைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். என் பக்கத்து வீட்டு டாக்சிக்காரத் தம்பி, ஒரு நாளில் பத்துத் தடவை போய்வருகிறவன், காலையில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனான். தலைவர் தன் ஸ்கூட்டரை நடைபாதைமேல் ஏற்றி, குழாயைத் தாண்டி, மறுபடி இறக்கி உருட்டிக்கொண்டு போனதை நான் ஜன்னலில் நின்று கண்ணாரப் பார்த்தேன். முதுகு பிடித்துக்கொண்டு மூன்று நாள் படுத்திருந்தார்.

டீச்சர் ஒருவர்தான் கேட்டார். "இருக்கிறத இருக்கிற மாதிரி எண்ணிட்டுப் போகட்டுமே. நம்ம எதுக்கு ஒளிக்கணும்?"

"உங்களுக்கு விவரம் பத்தாது டீச்சர்," என்றேன். நான்தான் சொன்னேன். அவர், பெரிய சாலையில் அப்பா அம்மாக்கள் இறக்கிவிட்டுப் போன பிள்ளைகளைத் தெரு நீளம் நடத்திக் கூட்டிவர ஒரு நீலக் கயிறு வாங்கி, பன்னிரண்டு வளையம் முடிந்தார். ஆளுக்கொரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் ஏழு நாளும் குழாயைத் தாண்டிக் குதித்துப் போனார்கள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மறுநாளே நானும் டீச்சரும் திட்ட அலுவலகம் போனோம். அங்கே கண்ணாடித் தடுப்பில் ஓர் ஓட்டை, இடுப்புயரத்தில். குனிந்துதான் பேச வேண்டும். நியாயம் கேட்க வந்தவரையும் கும்பிட வந்தவராக்கிவிடும் உயரம். உள்ளே இருந்த அதிகாரி மரியாதையானவர், அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"பாருங்கம்மா, இந்த ரோட்டுல ஏகப்பட்ட இடம் சும்மாக் கிடக்குது. அளந்தாச்சு. முப்பத்தொண்ணு வண்டிதான் போகுது. சும்மாக் கிடக்கிற இடத்தைக் கேக்கிறவங்களுக்குக் குடுக்கிறதுதான் விதி."

அமைதியாக இருந்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தோம். அமைதி என்பது இவர்கள் பாஷையில் காலி இடம்.

"பன்னெண்டு குழந்தைங்க வந்தா நெரிசல், அறுபது லாரி வந்தா வளர்ச்சியா சார்?" என்றேன் ஓட்டை வழியாக. "எட்டு வண்டிக்கு இவங்ககிட்ட பத்திரம் வாங்கினீங்களே, அந்த லாரிக்காரன் எத்தனை பத்திரம் குடுத்தான்?"

"அவங்க நிபுணர் அறிக்கை குடுத்திருக்காங்கம்மா. நூத்திப் பத்துப் பக்கம்."

"அந்த முப்பத்தொண்ணே பொய். நாங்க வண்டியை ஒளிச்சு வச்சோம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியா? எழுதிக் குடுங்க. அளவெடுத்த வாரம் வண்டியை வேணும்னே எடுக்கலன்னு பத்து வீட்டுக்காரங்க கையெழுத்துப் போட்டா மறுபடி எண்ணச் சொல்லலாம். விதியில இடம் இருக்கு."

"முதல் கையெழுத்து என்னோடது. குடுங்க."

"உங்ககிட்ட என்ன வண்டி இருக்கு?"

"வண்டி... இல்ல."

"அப்ப நீங்க எதைம்மா ஒளிச்சீங்க?"

டீச்சருக்கும் வண்டி கிடையாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் 'அன்றைக்கே சொன்னேனே' என்று ஒரு தடவை குத்திக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். நான்கு குழந்தைகளை அழைத்துக்கொண்டு போகப் போவதாகப் பெற்றோர் சொல்லிவிட்டார்கள் என்று மட்டும், இறங்குகிற இடத்தில் சொன்னார். காலை அவசரத்தில் பெரிய சாலையில் நிறுத்தி, இறக்கி, கைமாற்றிவிட்டுப் போக அவர்களால் முடியாது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எட்டுப் பேரை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் எத்தனை மாதம் ஓட்டுவார் என்றும் நான் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைக் கேட்காமல் விட்டேன்.

அன்று மாலையே தாளோடு கிளம்பினேன். நான் கதவைத் தட்டினால் உள்ளே வாங்க, உட்காருங்க, என்ன சேதி என்று இழுத்து வைத்துப் பேசுகிற வீடுகள்தாம் எல்லாம். தாளைப் பார்த்ததும் ஒருவருக்கு அடுப்பில் ஏதோ தீய்ந்தது, ஒருவருக்குக் கண்ணாடி காணாமல் போனது, ஒருவருக்கு வீட்டுக்காரர் ஊரில் இல்லை; அந்த வீட்டுக்காரர் உள்ளே தும்மினார்.

தலைவர் கதவையே முழுக்கத் திறக்கவில்லை. "நாம ஏமாத்தினோம்னு நாமளே எழுதிக் குடுக்கிறதா? தெரு மானம் என்ன ஆகிறது?"

"நடைபாதை மேல ஸ்கூட்டர் உருட்டினப்ப எங்க போச்சு தலைவரே அந்த மானம்?"

கதவு சாத்தப்பட்டது.

டாக்சிக்காரத் தம்பிதான் உண்மையைச் சொன்னான். "அக்கா, நான் லைசென்ஸை வச்சுப் பொழைக்கிறவன். அரசாங்க மெஷினை ஏமாத்தினேன்னு என் கையாலயே எழுதிக் குடுத்தா நாளைக்கு என் பர்மிட்டுல கை வைக்க மாட்டாங்களா?" தாளைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பன்னிரண்டு நாள் ஓடியது. தாள் வெள்ளையாகவே இருந்தது.

பதின்மூன்றாம் நாள் காலை எட்டேகாலுக்குச் சத்தம் கேட்டு ஜன்னலுக்கு வந்தேன். கிடங்குக்கு முதல் லாரி, பதினைந்து நாள் கெடு முடியும் முன்பே. தெருவையே அடைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் சுவரை உரசுகிற மாதிரி வந்தது. அதற்கு முன்னால் நடுத்தெருவில் நீலக் கயிறு. நடைபாதையில் கிடங்குக்காரர்கள் பள்ளம் தோண்டிப் போட்டிருந்ததால் டீச்சர் பிள்ளைகளை ரோட்டில்தான் நடத்தி வந்தார். எட்டுப் பேர். பின்னால் நான்கு வளையம் சும்மா ஆடிக்கொண்டு வந்தது. லாரி ஹாரன் அடித்தது. கடைசிப் பிள்ளை கயிற்றை விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டது.

தாளைச் சுருட்டிப் பிடித்தபடி இறங்கி ஓடினேன். அந்தப் பிள்ளையின் கையை மறுபடி வளையத்தில் வைத்து, சும்மா ஆடிய வளையத்தில் ஒன்றை நான் பிடித்துக்கொண்டேன். டீச்சர் திரும்பிப் பார்த்தார். நடையை வேகமாக்கவில்லை.

அப்போது டாக்சி, தம்பி வீட்டு கேட்டிலிருந்து பின்பக்கமாக வெளியே வந்தது. எங்களுக்கும் லாரிக்கும் நடுவில் நுழைந்து திரும்பி, பிள்ளைகள் நடக்கிற வேகத்துக்கு ஊர்ந்தது. லாரி மறுபடி ஹாரனை அழுத்தியது. தம்பி கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைத்தான். சாவகாசமாக.

"அக்கா," என்றான், லாரிப் பக்கம் திரும்பாமலே. "பேனா இருக்கா?"

நான் ரவிக்கைக்குள் துழாவினேன். எதிரே தலைவர் வீட்டு கேட்டுக்குப் பின்னால் ஸ்கூட்டர் ஸ்டாண்டை எடுக்கும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் பாதிவரை தூக்கப்பட்டு, அங்கேயே நின்றது. முன்னால் தாரில் இன்னும் பெயர்க்காமல் விட்ட பழைய குழாயின் நான்கு ஆணித் தலைகள் வெயிலில் மின்னின. பிள்ளைகள் பழக்கம் விடாமல், அங்கே குழாய் கிடப்பதுபோல, ஒவ்வொருவராகக் குதித்துத் தாண்டினார்கள்.