சத்தத்தோடு ஒன்று, சத்தமில்லாமல் ஒன்று

கடைக்காரர் இரண்டு பெட்டிகளையும் பிரித்து, கண்ணாடி மேசையின் மேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். இரட்டைப் பிள்ளைகள் தோற்றுப்போகும். அதே கறுப்பு, அதே உள்ளங்கை அகலம், முன்னால் அதே ஒற்றைக் கண். வேன்காரம்மா இதைத் தூக்கிப் பார்த்தாள், அதைத் தூக்கிப் பார்த்தாள், எதை எங்கே வைத்தோம் என்று அவளுக்கே குழம்பிவிட்டது.

"ரெண்டுக்கும் என்னப்பா வித்தியாசம்?"

"பெருசா ஒண்ணும் இல்லக்கா. ரெண்டும் ரோட்டைப் படம் பிடிக்கும். வண்டி பலமா குலுங்குனா, எங்கேயோ இடிச்சுட்டீங்கன்னு நினைச்சுக்கிட்டு, அந்தக் கொஞ்ச நேரத்துப் படத்தை உடனே போனுக்கு அனுப்பிடும். இது படம் மட்டும். அது வண்டிக்குள்ள பேசுற சத்தத்தையும் சேர்த்துப் பிடிக்கும். அவ்வளவுதான்."

"சத்தம் இல்லாததையே குடு."

சொன்ன வேகத்தைப் பார்த்துக் கடைக்காரர் நிமிர்ந்தார். "ஏன்க்கா? விலை ஒண்ணுதான். எவனாவது வந்து வாய்க்கு வந்தபடி பேசினா அதுக்கும் சாட்சி ஆச்சுல்ல?"

"வண்டிக்குள்ள பேசுறதெல்லாம் எதுக்குப்பா பிடிச்சுக்கிட்டு."

"கூட யாரு வர்றா?"

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

"அப்புறம் யாரு பேசப் போறா?" என்று சிரித்துவிட்டார் அவர்.

இதற்கு என்ன பதில் சொல்வது? நான்தான்ப்பா பேசுவேன், காலையில் சாவி திருப்பினதிலிருந்து சாயங்காலம் வரைக்கும், காலியாகக் கிடக்கிற சீட்டோடு பேசுவேன் என்று ஒரு கடைக்காரரிடம் சொல்ல முடியுமா? மானம் போய்விடாதா? "சரி, சத்தம் பிடிக்கிறதையே குடு" என்று சொல்லிவிட்டாள். வாங்க வந்தது ஒன்று, வாங்கினது ஒன்று.

கேமராவைப் போனோடு இணைக்கும்போது, "அவசரத்துக்கு இன்னொரு நம்பர் சொல்லுங்க" என்றார். எந்த ஆபீஸில் எந்தக் கவுண்டரில் யார் கேட்டாலும் அவள் வாயில் வருவது ஒரே நம்பர்தான். தங்கச்சியின் நம்பரைச் சொன்னாள். சொன்னதை அங்கேயே மறந்தும் போனாள்.

கேமரா வாங்கச் சொன்னது லாண்டரி முதலாளி. துவைத்து மடித்த விரிப்புகளையும் துண்டுகளையும் லாட்ஜுகளுக்கும் நர்சிங் ஹோம்களுக்கும் கொண்டுபோய்க் கொடுத்து, அழுக்கு மூட்டைகளை எடுத்து வருவது அவள் வேலை. போன மாதம், நின்றுகொண்டிருந்த வேனில் ஒரு பைக்காரன் வந்து மோதினான். மோதிவிட்டு, இவள்தான் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்தாள் என்று சாதித்தான். கூட்டமும் அவன் பக்கமே தலையாட்டியது. "சாட்சி இல்லாம நான் என்னம்மா பண்ண முடியும்? கேமரா மாட்டு, இல்லாட்டி வேற வண்டி பார்த்துக்கிறேன்" என்றார் முதலாளி.

முன்பெல்லாம் சாட்சிக்கு என்ன பஞ்சம்! இடது பக்கம் தங்கச்சி உட்கார்ந்திருப்பாள். மூட்டைகளை எண்ணிக் கொடுப்பது அவள், எண்ணி வாங்குவது அவள், சண்டைக்கு முதலில் இறங்குவதும் அவள்தான். அந்தப் பைக்காரனை ஹெல்மெட்டைக் கழற்ற வைத்து நாலு கேள்வி கேட்டிருப்பாள். இரண்டு பேருமே கல்யாணம் என்பது நமக்கில்லை என்று ஒதுக்கிவிட்ட வயதில்தான் தங்கச்சிக்கு ஒரு நல்ல மனிதர் வந்து வாய்த்தார். ஒரு நர்சிங் ஹோமில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர். விரிப்பில் கறை போகவில்லை என்று அவரிடம் சண்டை போடப்போய், கடைசியில் அவரையே கட்டிக்கொண்டு, அவருக்குப் புது வேலை கிடைத்த ஊருக்குப் போய்விட்டாள்.

செத்துப்போனவர்களுக்காக அழலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சந்தோஷமாகப் போனவளுக்காக எப்படி அழுவது? அக்காவுக்குப் பொறாமை என்பார்கள். அதனால் அவள் அழவில்லை, பேசினாள். காலி சீட்டைப் பார்த்து, "குட்டி, அந்த லாட்ஜ்காரன் இன்னிக்கும் ரெண்டு துண்டு குறைச்சுத்தான் குடுத்திருக்கான்" என்பாள். "பள்ளம் வருது, பிடிச்சுக்கோ" என்பாள். அந்தப் பக்கத்துப் பதிலையும் மனசுக்குள் கேட்டுக்கொண்டு சிரிப்பாள்.

போனில் மட்டும் வேறு கதை. தங்கச்சி போன புதிதில் தினமும் அழுதாள். "உன்னைத் தனியா விட்டுட்டு வந்துட்டேனேக்கா, நான் திரும்பி வந்துடவா?" என்று கேட்டாள். வாழப்போன இடத்தில் இப்படி அழுதுகொண்டிருந்தால் அந்த மனிதர் என்ன நினைப்பார்? அதனால் வேன்காரம்மா ஒரு பொய் சொன்னாள். "அட போடி. இங்க ஒரு பொண்ணு வேலைக்கு வந்திருக்கு. உன் சீட்லதான் உக்காருது. வாய் ஓயாது. உன்னை நினைக்க எனக்கு எங்கே நேரம்?"

அதோடு அழுகை நின்றது. கொஞ்ச நாளில் தங்கச்சியும் தன் பக்கத்து வீட்டம்மாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். நல்ல சிநேகமாம், மாப்பிள்ளை ஆபீஸுக்குக் கிளம்பினதும் வந்து உட்கார்ந்தால் மத்தியானம் வரை பேச்சுத்தானாம். அப்பாடா, அவளுக்கும் ஒரு துணை கிடைத்தது என்று அக்காவுக்கு நிம்மதி. அன்றைக்குத் தூக்கம் வர மட்டும் ரொம்ப நேரமானது.

கேமரா மாட்டிய பிறகு வேனுக்குள் அவள் வாயைத் திறக்கவில்லை. வழக்கு வம்பு என்று வந்து முதலாளி அதைப் போட்டுக் கேட்டால், பைத்தியம் ஓட்டும் வண்டி என்று நிறுத்திவிடுவாரே. உதட்டை மடித்துக்கொண்டு ஓட்டினாள். என்ஜின் இரைச்சலும் பின்னால் மூட்டைகள் சரியும் சத்தமும்தான். அப்போதுதான் அந்த சீட் நிஜமாகவே காலியானது. இத்தனை மாதம் பேசிப் பேசி அதில் ஒரு ஆளை உட்கார வைத்திருந்தாள், இப்போது தானே இறக்கிவிட்ட மாதிரி இருந்தது.

எத்தனை நாளைக்குத் தாங்கும்? லாண்டரித் தெருவில் ரோடு என்று பேர், எல்லாம் பள்ளம். ஒரு நாள் முன் சக்கரம் இறங்கும்போது தன்னை மறந்து, "பிடிச்சுக்கோ குட்டி" என்றுவிட்டாள். அணை உடைந்தது. அன்றைக்கு முழுக்க, விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்துப் பேசித் தீர்த்தாள். போன் பைக்குள் கிடந்து டிங் டிங் என்று அடித்துக்கொண்டிருந்தது. கண்டுகொள்ளவே இல்லை.

அந்த வாரம் தங்கச்சி போனில், "அந்தப் பொண்ணு பள்ளம் வந்தா பிடிச்சுக்கிறாளா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் பிடிச்சுக்குவா. உன்னைவிடக் கெட்டி" என்றாள் அக்கா.

"அப்படியா" என்று தங்கச்சி சிரித்தாள். ஏனோ அந்தச் சிரிப்பு கொஞ்சம் நீளமாகப் போனது.

ஒரு மத்தியானம் நர்சிங் ஹோம் வாசலில் காத்திருந்தபோது, பொழுது போகாமல், கேமரா போனுக்கு அனுப்பியிருந்த படங்களில் ஒன்றைத் திறந்தாள். ரோடு குலுங்கியது. ஒரு வயதான பொம்பளையின் குரல், "குட்டி, அந்த மஞ்சள் கதவு வீடு வித்துட்டாங்களாம் தெரியுமா?" என்றது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பதிலுக்குக் காத்திருக்கும் அமைதி. பிறகு அதே குரல், யாரோ என்னவோ சொன்ன மாதிரி, "போடி!" என்று சிரித்தது. யார் இந்தக் கிழவி என்று ஒரு விநாடி நிஜமாகவே தோன்றியது. அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மூட்டைகளை இறக்கின கையோடு கடைக்குப் போனாள். "சத்தம் வேணாம்ப்பா. அந்த இன்னொண்ணை மாட்டிக் குடு."

"அன்னிக்கே இதைத்தானே கேட்டீங்க" என்று முனகினாலும் கடைக்காரர் நல்ல மனிதர். வேனில் ஏறி, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார். போனைத் தட்டிக்கொண்டே, "இதுலயும் அதே ரெண்டு நம்பர் போட்டுடட்டுமா?" என்றார்.

"எந்த ரெண்டு நம்பர்?"

"உங்களது ஒண்ணு. அவசரத்துக்குன்னு குடுத்தீங்களே, அது ஒண்ணு. வர்ற படமெல்லாம் அதுக்கும்தானே போயிட்டிருக்கு."

ஒவ்வொரு பள்ளமும் தங்கச்சி வீட்டில் போய் ஒலித்திருக்கிறது. வேலைக்கு வந்த பெண்ணின் குரல் ஒரு தடவைகூட இல்லை. அக்காவின் குரல் மட்டும், அதுவும் "குட்டி, குட்டி" என்று.

"அக்கா? அந்த நம்பரை எடுத்துடட்டுமா?"

திடீரென்று நிறுத்தினால் ஏன் என்று கேட்பாளே. "இருக்கட்டும்" என்றாள். வீட்டுக்கு ஓட்டி வரும்போது தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். குடும்பம் நடத்துகிறவளுக்கு இதையெல்லாம் திறந்து பார்க்க எங்கே நேரம்? வருகிற நூறு குப்பையோடு இதுவும் கிடக்கும். பள்ளம் வந்தபோது வழக்கம்போல வாய் திறந்தது. சட்டென்று மூடிக்கொண்டாள். இனி எவ்வளவு பேசினாலும் யாருக்கும் கேட்காதுதான். ஆனாலும் பேச வரவில்லை.

மறுநாளும் அப்படியே போனது. சாயங்காலம் தங்கச்சி கூப்பிட்டாள். மாப்பிள்ளைக்குச் சளி, மழை வருகிற மாதிரி இருக்கிறது, தையல் மிஷினுக்கு எண்ணெய் போட வேண்டும் என்று என்னென்னவோ சொன்னாள். பிறகு, "அந்தப் பொண்ணு எப்படிக்கா இருக்கா?" என்றாள்.

"அவளுக்கென்ன, நல்லா இருக்கா."



"நேத்து சாயங்காலத்துல இருந்து அவகிட்ட நீ ஒண்ணுமே பேசலையேக்கா" என்றாள் தங்கச்சி. "ரோடு மட்டும்தான் வருது. சத்தமே இல்ல. உனக்கு உடம்புக்கு என்னமோன்னு பயந்துட்டேன்."

"எல்லாத்தையும் கேட்டியாடி?" என்றாள் அக்கா.

"ஒண்ணு விடாம."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவியே."

"நான் ஒரு பைத்தியக்காரி, பேசிக்கிட்டுக் கெடந்தேன். உனக்குத்தான் பக்கத்து வீட்டம்மா இருக்காங்களே, அவங்களோட..."

"பக்கத்து வீடு பூட்டித்தான்க்கா கெடக்கு" என்றாள் தங்கச்சி. "நான் வந்த நாள்லருந்து."



மறுநாள் காலையில் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும்போது வேன் வாசலிலேயே நின்றது. அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "இதுல என்னக்கா குறை?"

"இதுல பேச முடியலப்பா" என்றாள் வேன்காரம்மா. "சத்தம் வர்றதையே மாட்டிக் குடு."

"தனியாத்தானே போறீங்க? யாருகூட பேசப் போறீங்க?"

"என் தங்கச்சிகூட" என்றாள்.