முப்பத்திரண்டு கிலோமீட்டர் பாக்கி

அவ வண்டியிலேர்ந்து விழுந்தது வாழ்க்கையில ஒரே ஒரு தடவை. அதுவும் தெருமுனையில எவனோ கொட்டி வெச்ச மணல்ல சறுக்கி. கொட்டினவனை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலை. "பொம்பளைக்கு எதுக்கு இவ்வளவு பெரிய மோட்டார் சைக்கிள்?"னு அவளைத்தான் கேட்டாங்க. எப்படி இருக்கு நியாயம்!

டீச்சர்னுதான் அவளை எல்லாரும் கூப்பிடுவாங்க. டிரைவிங் ஸ்கூல்ல வேலை. பிரேக் எது, கிளட்ச் எதுன்னு தெரியாம வர்ற ஆம்பளைங்களுக்கெல்லாம் பக்கத்து சீட்ல உட்கார்ந்து ஓட்டச் சொல்லிக் குடுக்குறவ. அவளுக்கு வண்டி ஒத்துவராதுன்னு முடிவு பண்ணினது யாருன்னா, கூடப் பிறந்த அண்ணன். டயர் கடைக்காரன். தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்கிற ஆளு. அவ கையில மாவுக்கட்டு இருந்தப்போ, சர்வீஸ் பண்ணித் தரேன்னு வண்டியைத் தள்ளிட்டுப் போனான். கட்டைப் பிரிச்ச பிறகும் திருப்பித் தரலை. விக்கிறதுக்கு ஆளும் பார்த்துட்டான். அவ சம்பளத்துல அவ வாங்கின வண்டி!

நேரா கடைக்குப் போனா. "சாவி எங்க?"

"வித்தாச்சுன்னு வெச்சுக்கோ. வயசு நாப்பத்தஞ்சு ஆச்சு, கையும் பலமில்ல. அம்பது கிலோமீட்டர் தாங்குவியா நீ?"

"ஆயிரத்தி அறுநூறு தாங்குவேன். ஒரே நாள்ல."

அந்த ஊர் மோட்டார் சைக்கிள் கிளப்புல அப்படி ஒரு பரீட்சை உண்டு. இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள ஆயிரத்தி அறுநூறு கிலோமீட்டர். முடிச்சவங்க பேரைப் பலகையில எழுதி மாட்டுவாங்க. மாட்டின பேர் எல்லாம் ஆம்பளைங்க பேர். கடையில பஞ்சர் ஒட்ட வந்தவங்க சிரிச்சாங்க. அண்ணனும் சிரிச்சான்.

"சரி, முடிச்சுக் காட்டு. வண்டி உன்னுது, நான் வாயே திறக்க மாட்டேன். ஒரு கிலோமீட்டர் குறைஞ்சாலும் வித்துடுவேன். அப்புறம் நீ வாயைத் திறக்கக் கூடாது."

"அத்தனை பேரும் சாட்சி"ன்னு சொல்லிட்டு வந்துட்டா.

கண்ணாடிக் கடை வெச்சிருக்கிற அவ புருஷன், "உங்க குடும்பத்து வீம்புக்கு நடுவுல நான் யாரு?"ன்னாரு. ஆனா ஹெல்மெட் கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பளபளன்னு ஆக்கிக் குடுத்தாரு.

முன் டயரை மாத்தி, அண்ணன் முந்தின நாள்தான் வண்டியைக் கொண்டாந்து விட்டிருந்தான். நடுப்பகல் பன்னிரண்டுக்குக் கிளப் வாசல்லேர்ந்து கிளம்பினா. இன்னிக்கு மாதிரி போன்ல தூரம் பார்க்கிற காலமில்லை அது. வண்டி மீட்டர்தான் கணக்கு. கிளப் செயலாளர் மீட்டரைப் பார்த்து எழுதிக்கிட்டு, "வேகமாப் போங்க டீச்சர்"ன்னாரு. வேகத்துல என்ன இருக்கு? டீக்கடையில அரை மணி, மரத்தடியில அரை மணின்னு நின்னு நின்னு கோட்டை விட்டவங்கதான் அதிகம். அவ பெட்ரோல் போடுற இடத்துல மட்டும் இறங்கினா. ரொட்டியை நின்னுக்கிட்டே தின்னா. ஒரு பங்க்ல லாரி டிரைவர் ஒருத்தர், "தனியாவா வந்தீங்க? கூட யாரும் வரலையா?"ன்னு கேட்டாரு.

"வந்தாங்க. பின்னாடி எங்கயோ விட்டுட்டேன்"ன்னா.

விடிகாலையில மழை பிடிச்சுக்கிச்சு. உடைஞ்சு ஒட்டின மணிக்கட்டு விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது. வலியில கண்ணு கலங்குச்சு, ஆமா, அழுதா. அழுதுக்கிட்டே ஓட்டினா. அழுகைக்குன்னு தனியா நிறுத்த அவளுக்கு நேரமில்லை.

பதினொண்ணே கால் மணிக்குத் திரும்ப வந்து கிளப் வாசல்ல நிக்கிறா. மீட்டர் கணக்குல சரியா ஆயிரத்தி அறுநூறு. கூட்டம் கை தட்டுது. புருஷன் அழுறாரு. செயலாளர் பேனாவை எடுத்துட்டாரு.

அண்ணன் மட்டும் முன் சக்கரத்துக்கிட்ட குத்தவெச்சு உட்கார்ந்து டயரைத் தடவிக்கிட்டு இருந்தான்.

"முடியலையே இன்னும்"ன்னான்.

"என்ன மச்சான் உளர்றீங்க?"ன்னாரு புருஷன். அண்ணன் தங்கச்சி பக்கம் திரும்பினான்.

"நீ கிளம்புறதுக்கு முந்தின நாள் நான்தானே இந்த டயரைப் போட்டேன்? சரியான சைஸ் கடையில இல்லை. ஒரு சைஸ் சின்னதாப் போட்டேன். மீட்டருக்கு வயர் முன் சக்கரத்துலேர்ந்துதான் போகுது. சக்கரம் சின்னதாயிட்டா மீட்டர் கூடக் காட்டும். நூறுக்கு ரெண்டு. அப்போ முப்பத்திரண்டு கிலோமீட்டர் பாக்கி."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதைதான். "இதை அப்பவே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"ன்னு கத்தினாரு புருஷன். "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு"ன்னான் அண்ணன். இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னு ஒரு முகம். மறந்தானா, மறைச்சானா, அவன் மனசாட்சிக்குத்தான் வெளிச்சம்.

செயலாளர் நல்லவர். "விடுங்க டீச்சர், எனக்கு மீட்டர்தான் கணக்கு. நான் கையெழுத்துப் போட்டுடுறேன்"ன்னாரு.

"போடாதீங்க சார்"ன்னா அவ. "இவன் சொல்றது சரி. டயர் விஷயத்துல இவன் தப்பா சொல்ல மாட்டான். இன்னிக்கு நீங்க போட்டீங்கன்னா, இவன் சாகுற வரைக்கும் ஒவ்வொரு கல்யாண வீட்லயும் முப்பத்திரண்டு, முப்பத்திரண்டுன்னு சொல்லிக்கிட்டே திரிவான். மணி என்ன?"

"பதினொண்ணு இருபது."

"இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு, ஏன் பத்தாது? ரோட்டோரம் கிலோமீட்டர் கல்லு இருக்கு. அதுக்கு எவனும் டயர் மாத்த முடியாது. பதினாறு போதும், ஆனா இவன் வாய்க்காக ஒண்ணு கூடவே, பதினேழாவது கல்லு வரைக்கும் போய்த் திரும்புறேன். யாரு எண்ணுறது?" அண்ணன் பக்கம் திரும்பினா. "ஏறு பின்னாடி."

"நானா? உன் பின்னாடியா?"

"வேற யாரு எண்ணினாலும் நீ ஒத்துக்க மாட்டே. ஏறு. பயமா இருந்தா சொல்லு, இப்பவே முடிஞ்சுதுன்னு எழுதிடலாம்."

கூட்டம் குபீர்னு சிரிச்சுது. அண்ணனுக்கு முகம் செத்துப் போச்சு. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஏறினான்.

மூணாவது கல்லு வரைக்கும் சீட்டைப் பிடிச்சுக்கிட்டு வந்தான். நாலாவதுலேர்ந்து அவ தோளைப் பிடிச்சுக்கிட்டான். "தூங்கலையே நீ, மெதுவாப் போடி, சாகப் போறோம்"ன்னு புலம்பினான்.

"வாயை மூடிட்டுக் கல்லை எண்ணு!"

பன்னிரண்டு அடிக்க மூணு நிமிஷம் இருக்கும்போது வண்டி கிளப் வாசலுக்கு வந்துது. செயலாளர் கடிகாரத்தை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. அண்ணன் இறங்கினான்.

"முப்பத்தி நாலு. நானே எண்ணினேன்"ன்னான். அவளைப் பார்த்தா முகம் வெளிறிக் கிடக்கு. உடனே கையை நீட்டினான். இந்தத் தடவை வஞ்சகம் இல்லை, நிஜமான பதற்றம்.

"இறங்கும்மா. சாவியைக் குடு, வண்டியை நான் நிழல்ல நிறுத்துறேன்."

"கையை எடு"ன்னா. "என் வண்டி. நான்தான் நிறுத்துவேன்."

காலை ஊனித் தள்ளித் தள்ளி நிழலுக்குக் கொண்டு போனா. ஸ்டாண்டை மிதிச்சா, போகலை. திரும்ப மிதிச்சா, போகலை. புருஷன் ஒரு அடி எடுத்து வெச்சாரு, அவ பார்த்த பார்வையில அப்படியே நின்னுட்டாரு. மூணாவது மிதியில ஸ்டாண்டு விழுந்துச்சு. அதுக்கப்புறம்தான் இறங்கி, சுவரோரமா தரையில தொப்புன்னு உட்கார்ந்தா.

"அண்ணே"ன்னா. "இப்ப வேணும்னா போய்க் குடிக்கத் தண்ணி கொண்டா."

ஓடினான்.