வீரருக்குக் கேட்காத பாதி

மாஸ்கோவில் குழாயைத் திறக்காமல் யாரும் பேசுவதில்லை. மக்கள் வீரர் யெகோர் வந்ததிலிருந்து அப்படித்தான். அவர் ரயில் எஞ்சினை ஒற்றைத் தோளில் தூக்குவார், மேகத்துக்கு மேலே பறப்பார் என்பதெல்லாம் சரி. ஆனால் சைபீரியாவில் ஊசி விழுந்தாலும் அவர் காதில் விழும் என்று செய்தித்தாள் பெருமையாக எழுதிய நாள்முதல், நாட்டு மக்கள் அனைவருக்கும் திடீரென்று பாத்திரம் கழுவும் ஆசை வந்துவிட்டது. தண்ணீர் விழும் சத்தத்தில் மட்டும் அவர் காது குழம்பிப்போகும் என்பது ஊரறிந்த ரகசியம். தண்ணீர் வாரியம் அந்த வருடத் திட்டத்தை நாற்பது சதவீதம் மிஞ்சி, செங்கொடிப் பரிசு வாங்கியது.

ரிம்மா லோஷ்கினாவுக்கு இதெல்லாம் மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். சிறுவர் பத்திரிகையில் வாராவாரம் வரும் ‘மக்கள் வீரர்’ படக்கதையை வரைவதே அவள்தான். அப்படிப்பட்டவள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஆறு குடும்பங்களுக்குப் பொதுவான அடுக்களையில் உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டே, பக்கத்து அறை ஸோயாவிடம் வீரரைப் பற்றி ஒரு ஜோக்கை ஆரம்பித்தாள்.

“கறிக்கடை வாசல்ல ஒரு பொம்பளை ‘ஐயோ, காப்பாத்துங்க’ன்னு கத்தறா. வீரர் நாட்டோட அந்தக் கோடியிலேருந்து பறந்து வந்து இறங்கறார். ‘என்னம்மா ஆபத்து?’ங்கறார். அதுக்கு அவ...”

“ஏண்டி, குழாய்!” என்று பாய்ந்து திருகினாள் ஸோயா.

மீதியை ரிம்மா தண்ணீர்ச் சத்தத்தில்தான் சொன்னாள். ட்ராம் கண்டக்டரான ஸோயா, ஓடும் வண்டியில் நிற்பதுபோல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் இருவரும் ஒரே நேரத்தில் குழாயைப் பார்த்தார்கள். கிழங்கு கருகியது.

“இருபது கோடிப் பேர் பேசறாங்க. உன் உளறல்தானா அவருக்குக் கேக்கப்போகுது?” என்றாள் ஸோயா. குரலை மட்டும் தாழ்த்தியிருந்தாள்.

திங்கட்கிழமை காலை பத்திரிகையின் தலைமையாசிரியர் போர்ஃபிரி வ்லாசொவிச் ஊழியர்களைக் கூட்டினார். மூன்று பதக்கங்களையும் குத்திக்கொண்டிருந்தார். “தோழர்களே, நாளைக்கு நம்ம நூறாவது இதழுக்கு மக்கள் வீரரே நேர்ல வந்து ஒப்புதல் கையெழுத்துப் போடறார். அது மட்டுமில்ல. தோழர் லோஷ்கினாவைத் தனியா பாக்கணும்னு சொல்லியிருக்கார். பேர் சொல்லி.”

எல்லோரும் கைதட்டினார்கள். ரிம்மாவுக்கு இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டே தட்டினார்கள்.

அன்று மாலை அவள் மூட்டை கட்டினாள். சோப்பு, பல்பொடி, காய்ந்த ரொட்டித் துண்டுகள், கம்பளிக் காலுறை மூன்று ஜோடி. சிறைக்குக் கூட்டிப்போக ஆள் வந்தால் எடுத்துக்கொள்ள, ஊரில் பல கட்டில்களுக்கு அடியில் இப்படி ஒன்று தயாராக உண்டு; அவள்தான் இத்தனை வருடம் சோம்பலாக இருந்துவிட்டாள். குழாயைத் திறந்துவைத்துவிட்டு ஸோயா பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மூணு ஜோடியா? பத்து வருஷத்துக்கு இது எந்த மூலைக்குடி?” என்று கேலி செய்துவிட்டு, தன் பங்கு சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து மூட்டைக்குள் திணித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

செவ்வாய்க்கிழமை. ரிம்மாவின் மேசைமேல் நூறாவது இதழின் பக்கங்கள், மேசைக்கு அடியில் மூட்டை. போர்ஃபிரி வ்லாசொவிச் கடைசித் திருத்தத்தில் இருந்தார். வீரர் ட்ராக்டரைத் தூக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல, “கூட்டு உழைப்பு எங்க?” என்றார். போன வாரம் அதற்காகவே பதினோரு தோழர்களைச் சுற்றி நிறுத்தி வரைந்திருந்தாள். அதில் வீரரே தெரியவில்லை. ட்ராக்டர் பாதி தெரிந்தது. “இதுலயும் பதினோரு பேரைச் சேருங்க” என்றார். அப்போது கதவு திறந்தது.

வீரர் குனிந்துதான் உள்ளே வர முடிந்தது. ரிம்மா நூறு வாரமாக வரைந்த முகம்தான். ஆனால் கண்ணுக்குக் கீழே கருவளையம், இரண்டு காதிலும் பஞ்சு.

தலைமையாசிரியர் வரவேற்புரையை எடுத்தார். “மனிதகுலத்தின் விடிவெள்ளியே...”

“வெளியில இருங்க” என்றார் வீரர்.

கதவு மூடியது. தலைமையாசிரியரின் காலடிச் சத்தம் அங்கிருந்து விலகிப் போகவில்லை.

“ஞாயித்துக்கிழமை, ஆறு மணி இருபது நிமிஷம்” என்றார் வீரர். “மூணாவது மாடி அடுக்களை. கறிக்கடைக் கதை. நீங்கதானே சொன்னது?”

ரிம்மா காலால் மூட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “நான்தான். ஸோயா எதுவும் சொல்லல, தோழரே. சும்மா கேட்டுட்டுத்தான் நின்னா.”

“அந்தப் பொம்பளைக்கு என்ன ஆபத்து?”

“என்னது?”

“குழாயைத் தொறந்துட்டீங்க. முடிவு கேக்கல.” வீரர் ஸ்டூலில் உட்கார, அது முனகியது. “இந்த ஊர்ல எல்லாக் கதையும் எனக்குப் பாதிதான். ஆரம்பிப்பாங்க. தண்ணி கொட்டும். அப்புறம் சிரிப்பாங்க. நாலு வருஷமாச்சு, ஒரு முடிவுகூடக் கேட்டதில்ல. மத்ததாவது போகட்டும். இதுல ஒருத்தி காப்பாத்துங்கன்னு கத்தியிருக்கா. ரெண்டு நாளா ஒவ்வொரு கறிக்கடையா போய்ப் பாத்துட்டு வரேன். சொல்லுங்க.”

பொறியாக இருக்கலாம். சொன்னால் அதுவே வாக்குமூலம். ரிம்மாவின் கை, தூரிகை கழுவும் தொட்டியின் குழாய்க்குப் பழக்கத்தில் போனது.

“அதை மட்டும் தொறக்காதீங்க” என்றார் வீரர்.

திறந்தால் இவருக்குக் கேட்காது. திறக்காவிட்டால் கதவுக்குப் பின்னால் இருப்பவருக்குக் கேட்கும். அவர் இன்று மாலைக்குள் அதைப் புகாராக நாலு பிரதி எழுதி நாலு இடத்துக்கு அனுப்பிவிடுவார்.

ரிம்மா ஒரு வெள்ளைத் தாளை இழுத்துப்போட்டு வரைய ஆரம்பித்தாள். முதல் கட்டத்தில் அந்தப் பெண்: ‘ஆபத்தெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. வீடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன், வரிசையில என் இடத்தைப் பாத்துக்கோ.’ இரண்டாவது கட்டத்தில் நீண்ட வரிசை, நடுவில் வீரர். பின்னால் பாலம் உடைந்து ரயில் அந்தரத்தில் தொங்குகிறது, ஜன்னலெல்லாம் கைகள். வீரர் திரும்பிச் சொல்கிறார்: ‘கொஞ்சம் பொறுங்க, எனக்கு முன்னாடி நாலே பேர்தான்!’

பென்சிலை வைத்தாள். இனி அழித்தாலும் தடம் தெரியும்.

வீரர் தாளைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. ரிம்மா மூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் மெதுவாக வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஊதாப் பென்சிலில் 318 என்று எழுதியிருந்தது.

“இன்னிக்குக் காலையில” என்றார். “விசாரிக்கத்தான் போனேன். ஒரு அம்மா கையைப் புடிச்சு வரிசை நம்பர் எழுதிட்டாங்க. ரெண்டு மணி நேரம் நின்னேன்.”

பிறகு சிரித்தார். முதலில் ஒரு இருமல்போலத்தான் வந்தது. அடுத்த கணம் அறையின் ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கிப் பனிக்காற்று உள்ளே பாய்ந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு தலைமையாசிரியர் வந்து விழுந்தார். வீரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முன்னால் தாள் இருந்தால் செய்கிற பழக்கப்படி, அதன் மூலையில் ‘ஒப்புதல், யெகோர்’ என்று எழுதிவிட்டு, கண்ணாடியில்லாத ஜன்னல் வழியாகவே பறந்து போனார்.

போர்ஃபிரி வ்லாசொவிச் தாளைக் கையில் எடுத்தார். ரயிலைப் பார்த்தார், வெளிறினார். கையெழுத்தைப் பார்த்தார், இன்னும் வெளிறினார். ஒப்புதல் பெற்ற தாளை நிறுத்துபவன், வீரரையே நிறுத்துபவன். விரலை வைத்து வரிசையில் நிற்பவர்களை எண்ணினார். ஒரு முறை. இன்னொரு முறை.

“பதினோரு பேர்” என்று பெருமூச்சு விட்டார். “நூறு இதழ்ல இப்பத்தான், தோழர் லோஷ்கினா, கூட்டு உழைப்பு சரியா வந்திருக்கு. அச்சுக்குக் குடுங்க.”

நாலு லட்சம் பிரதி போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைவரை யாரும் அவளைத் தேடி வரவில்லை. மூட்டை கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. அதிலிருந்து சர்க்கரையை மட்டும் எடுத்துத் தேநீர் போட்டார்கள். ஸோயா ட்ராமில் கேட்ட புது ஜோக்கோடு வந்து, குழாய்க்குக் கையை நீட்டினாள். ரிம்மா அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

“விடு. அவரும் முழுசா கேக்கட்டும்.”

“பைத்தியமாடி உனக்கு?”

“சொல்லு.”

ஸோயா ஒருமுறை கூரையைப் பார்த்துக்கொண்டு, ஆரம்பத்திலிருந்து முடிவுவரை சொன்னாள். ஒரு நிமிடம் போனது.

எங்கோ தூரத்தில், ஆற்றுக்கு அந்தப்பக்கம், ஒரு தெருவின் ஜன்னல் கண்ணாடி முழுவதும் கலகலவென்று உதிர்ந்தது.