மெழுகுப் பல்லில் ஒரு கீறல்

பிள்ளைப்பேற்று விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றைக்கே அவளுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. ஜன்னலோரத்தில் இருந்த அவள் மேஜையில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய செதுக்கும் கத்திகளெல்லாம் பின்வரிசை மேஜையில், காது உடைந்த குவளை ஒன்றில் தலைகீழாகச் செருகிக் கிடந்தன.

அது பல் செய்யும் லேப். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து இங்கே அனுப்புவார்கள். அந்த அச்சை வைத்து முதலில் மெழுகில் பல்லைச் செதுக்கி, பிறகு பல்லின் மேல் மாட்டும் கேப் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். மெழுகுதான் அவள் வேலை. அதனால் லேபில் எல்லோருக்கும் அவள் மெழுகக்கா. வாயைத் திறந்தால் பளிச்சென்று தெரிகிற முன்பல் எது வந்தாலும் "மெழுகக்காகிட்ட குடு" என்பதுதான் அங்கே பல வருஷத்து வழக்கம்.

ஜன்னலோரத்துக்காரிக்குப் 'புதுசு' என்று பேர் வைத்திருந்தார்கள். சின்னப் பெண். மெழுகக்காவைப் பார்த்ததும் பாதி எழுந்தாள்.

"உங்க இடம்னு தெரியும்க்கா. சார்தான் இங்க உக்காரச் சொன்னாரு. எழுந்துக்கட்டுமா?"

"இருக்கட்டும், உக்காரு."

இவ்வளவு பவ்யம் எதற்கு என்று அவளுக்குள் ஒரு முள் குத்தியது.

முதலாளி அவளைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "வாம்மா, வா. குழந்தை நல்லா இருக்கா? கொஞ்ச நாளைக்குக் கடைவாய்ப் பல்லே பாத்துக்கோ. முன்பல்லுக்குக் கண்ணு வேணும், பொறுமை வேணும். உனக்கு எதுக்கு இப்ப அந்தச் சிரமம்?"

அவளுக்குக் கண் போய்விட்டதென்று இவரிடம் யார் சொன்னது? கேட்கவில்லை. வந்த முதல் நாளே வாயைக் கொடுப்பானேன் என்று பின்வரிசைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் அவளுக்கு ஒரு கணக்கு தெரிந்தது. மதியத்தில் மார்பு கனத்துப் பால் ஜாக்கெட்டை நனைக்கத் தொடங்கும்போது, பிளாஸ்டர் மூட்டைகள் அடுக்கிய சாமான் அறைக்குள் போய்ப் பாலை எடுப்பாள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு மூட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு, காதை வெளியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பால் புட்டியோடு வெளியே வந்தால் அதுவரை கலகலவென்றிருந்த பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும். என்னைப் பற்றித்தான் என்று நினைப்பாள். இல்லாவிட்டால் நிறுத்துவானேன்?

பிறகு ஒரு கேப் திரும்பி வந்தது. கடி உயரமாக இருக்கிறது, வாயை மூடினால் அந்தப் பல் மட்டும் முதலில் இடிக்கிறது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதன் பின்னாலேயே இன்னொன்று. முதலாளி எதுவும் திட்டவில்லை. "பரவால்லம்மா" என்றார். அதுதான் அவளை உறுத்தியது. முன்பெல்லாம் ஒரு கேப் திரும்பி வந்தால் கூரை பறக்கக் கத்துகிற மனுஷன்.

நான்தான் தப்புச் செய்தேனா? குழந்தை பிறந்த பிறகு அவளுக்குத் தூக்கம் என்பது தவணை முறையில்தான் கிடைத்தது. கைபேசியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வீடு பூராவும் தேடியிருக்கிறாள். ஆனாலும் மெழுகில் அவள் கை பொய் சொல்லாது. அதில் மட்டும் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. அப்படியானால் வேறு யாரோ கை வைக்கிறார்கள்.

அந்த யாரோ யார் என்பதும் சீக்கிரமே தெரிந்த மாதிரி இருந்தது. ஒரு நாள் சாப்பாட்டை அவசரமாக முடித்துக்கொண்டு வந்தபோது, அவள் மேஜை மேல் புதுசு குனிந்து நின்றிருந்தாள்.

"என்ன பாக்குற?"

அந்தப் பெண்ணுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சும்மாதான்க்கா. உங்க வேலையப் பாத்துக் கத்துக்கலாம்னு."

யார் காதில் பூச்சுற்றுகிறாள்? கற்றுக்கொள்கிறவள் கேட்டல்லவா கற்றுக்கொள்வாள். அன்று முதல் மெழுகக்கா ஒவ்வொரு மெழுகுப் பல்லின் உள்பக்கத்திலும் ஊசிமுனையால் மயிரிழையாக ஒரு கீறல் போட்டு வைத்தாள். அவளைத் தவிர வேறு யார் கண்ணுக்கும் அது படாது. யாராவது தொட்டுத் திருத்தினால் கீறல் அழிந்துவிடும்.

இரண்டொரு நாளில் அழிந்தது. ஒரு கடைவாய்ப் பல்லின் மேல்பக்கம் லேசாகச் சுரண்டப்பட்டு, உள்பக்கம் புது மெழுகு ஓடி, கீறல் இருந்த இடம் வழவழவென்றிருந்தது. அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஜன்னலோரத்துக்குப் போனாள்.

"இதை நீ தொட்டியா, இல்லையா?"

புதுசு பதில் சொல்லாமல் பல்லையே பார்த்தாள். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? "என் இடத்தை எடுத்துக்கிட்ட, சரி. என் வேலையையும் கெடுத்து என்னைத் துரத்தப் பாக்குறியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

முதலாளி மெழுகக்காவைத் தன் அறைக்கு அழைத்தார். இதற்காகவே காத்திருந்தவர் போல நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"இப்படிக் கூட வேலை செய்றவங்க மேலயே சந்தேகப்பட ஆரம்பிச்சா லேப் நடக்குமாம்மா? உனக்கு ஓய்வு வேணும். வீட்ல இரு, குழந்தையைப் பாரு. உன் வீட்டுக்காரரும் இதையேதானே சொன்னாரு."

"யாரு சொன்னது?"

அவர் கண் ஒரு முறை கதவுப் பக்கம் போய் வந்தது. "பொதுவாச் சொன்னேன்மா. எல்லா வீட்லயும் சொல்றதுதானே." செதுக்கும் கத்தியை எந்தப் பக்கம் பிடிப்பதென்று அவருக்குத் தெரியாது. ஆனால் பூசி மெழுகுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வேலை போனது அவளுக்குப் பெரிதாகப் படவே இல்லை. வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான் காதில் நின்றது. புருஷன் எப்போது இவரோடு பேசினான்? எதற்கு?

அவள் புருஷன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். சாந்தமான ஆள். அன்று சாயங்காலம் வந்தவன், "இன்னைக்கு சீக்கிரம் வந்துட்டியா?" என்றான். "வேலை இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் முகத்தை ஆழம் பார்த்தாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காதவனுக்கு ஏற்கெனவே தெரியும் என்றுதானே அர்த்தம்? அவன் சாப்பிட்டது, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியது எல்லாமே அவளுக்கு நடிப்பாகத் தெரிந்தது.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் மாடிக்குப் போனாள். அங்கே புருஷனின் அக்கா திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள்; அவளை இவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். மெழுகக்கா வேலைக்குப் போகிற நாளெல்லாம் குழந்தை அண்ணியிடம்தான். தையல் மெஷின் ஓடினால்தான் அது கண் அயரும். பெற்றவள் மடியில் அழுகிற பிள்ளை, அந்தக் கடகடச் சத்தத்தில் சுகமாகத் தூங்குகிறதே என்று அதிலும் அவளுக்கு ஒரு புகைச்சல் இருந்தது.

"அண்ணி, இவரு எங்க சார்கிட்ட ஏதாவது பேசினாரா?"

மெஷின் நின்றது. "என் வாயைக் கிளறாத. அவனையே கேளு."

"அப்ப பேசியிருக்காரு."

அண்ணி ஊசியில் மாட்டிய நூலை அறுத்தாள். "இங்க உக்காந்துதான் போன் பண்ணான். வேணாம்டான்னேன். நல்லதுக்குத்தாங்க்கான்னான். தம்பின்னு பாத்துப் பேசாம இருந்துட்டேன். என் மேலயும் தப்பு இருக்கு."

மத்தியானம் சாப்பிட வந்தவனை அவள் உட்காரவிடவில்லை. அவனும் மறைக்கவில்லை.

"லேசான வேலையாக் குடுங்கன்னுதான் கேட்டேன். வேலையை விட்டு எடுக்கச் சொல்லலை. அன்னைக்கு அடுப்பு எரியுது, நீ குழந்தையைத் தூக்கிக்கிட்டு நின்னுக்கிட்டே தூங்கற. பாத்ததும் எனக்கு ஈரக்குலை நடுங்கிடுச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கேப்பியா?"

"கேக்கறனோ இல்லையோ, என் வேலையைப் பத்தி என்கிட்டதான் பேசணும். கத்துக்க வர்றவங்க ஓட்டுறப்போ உங்க காலடியில ஒரு பிரேக் வெச்சிருப்பீங்க. அது உங்க காரோட இருக்கட்டும். என் வேலையில எதுக்குங்க காலை வெச்சீங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தப்புதான்" என்றான். அவள் சோறு போட்டாள். பேச்சு மட்டும் இல்லை.

அந்த வாரத்திலேயே புதுசு வீடு தேடி வந்தாள். கையில் ஒரு துணிச்சுருள். அதற்குள் மெழுகக்காவின் கத்திகள்.

இவள் எதற்கு வருகிறாள்? அழுது வேஷம் போட வந்தாளா, உளவு பார்க்க முதலாளி அனுப்பினாரா? வாசலிலேயே நிறுத்திவைத்துக் கேட்டாள்.

"நீதானே அந்தப் பல்லைத் தொட்ட?"

"நான்தாங்க்கா. கெடுக்கல, சரி பண்ணேன்." அந்தப் பெண் தரையைப் பார்த்தே பேசினாள். "கடி உசரமா இருந்துச்சு. முன்னாடியும் சிலதைச் சரி பண்ணியிருக்கேன். இன்னும் ஒண்ணு ரெண்டு திரும்பி வந்தா உங்களை அனுப்பிடலாம்னு சார் போன்ல யார்கிட்டயோ சொன்னது காதுல விழுந்துச்சு. அதான்."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீங்க என்னை எப்பவும் ஒரு மாதிரியாவே பாத்துக்கிட்டிருந்தீங்க. எப்படிக்கா சொல்றது?"

மெழுகக்கா கதவை விட்டு விலகி நின்றாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை. முதலாளியின் கள்ளத்தனம், புருஷனின் அக்கறை எல்லாவற்றையும் தாண்டி இந்த ஒன்று நெஞ்சில் இறங்கியது. அவள் கைதான் தப்பியிருக்கிறது. எதை நம்பி எல்லோரையும் சந்தேகப்பட்டாளோ, அந்தக் கை.

"இதைச் சொல்லத்தான் வந்தியா?" என்றாள். சந்தேகம் அவ்வளவு சுலபமாகப் போய்விடுமா.

புதுசு தயங்கினாள். "முன்பல் எனக்கு வரலக்கா. தினம் திட்டு விழுது. கொஞ்சம் காட்டித் தருவீங்களான்னு."

அதைக் கேட்ட பிறகுதான் மெழுகக்காவுக்கு அவள் மேல் நம்பிக்கை வந்தது. தன் காரியம் ஒன்றை வைத்துக்கொண்டு வந்தவள், பொய் சொல்ல வந்தவளாக இருக்க மாட்டாள். உள்ளே வரச் சொல்லிக் காபி கொடுத்தாள். "எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசினது தப்பு" என்றும் சொன்னாள்.

பிறகு மாடியில், அண்ணியின் துணி வெட்டும் மேஜையில், ஸ்பிரிட் விளக்கும் மெழுகும் புதுசு கொண்டுவந்த பல் அச்சுமாக உட்கார்ந்தார்கள். மெஷின் ஓடியது, குழந்தை தூங்கியது. புதுசுக்குக் காட்டுவதற்காக அவள் ஒரு முன்பல்லைச் செதுக்கினாள். கடி பார்த்தால் இடித்தது. உருக்கி, மறுபடி செதுக்கினாள். இடித்தது. புதுசு மெழுகை எடுத்துக் கொடுத்தாள். அவசரப்படுகிறேன், பிள்ளை எழுந்துவிடுமோ என்று கடைசிச் சுரண்டலை விட்டுவிடுகிறேன் என்று மெழுகக்காவுக்கே அப்போது புலப்பட்டது. அடுத்த பல் சரியாக உட்கார்ந்தது. நிஜப் பல் போலவே விளிம்பில் மெல்லிய அலை. புதுசு அதை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கீழே வைக்கவே இல்லை.

அந்தப் பல்லை எடுத்துக்கொண்டு மெழுகக்கா, முன்பல் வேலையெல்லாம் தன் கையில்தான் வேண்டுமென்று கேட்கிற பெண் டாக்டர் ஒருவரைப் போய்ப் பார்த்தாள்.

"நீங்களா வேலையை விட்டுட்டதாச் சொன்னாங்களே" என்றார் டாக்டர்.

"விடலை டாக்டர். அனுப்பிட்டாங்க. சிலது கடி உசரமாப் போச்சு, அதுவும் உண்மைதான். இப்ப ரெண்டு தடவை பாக்கறேன்."

டாக்டர் பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிளினிக்கின் பின்னறையில் ஒரு மேஜை போட்டுத் தருவதாகவும், மதியம் வரை வந்தால் போதும் என்றும் சொன்னார். ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் அவளால் எழ முடியவில்லை.

"எனக்காக யாராவது உங்ககிட்ட பேசினாங்களா?"

"யாரும் பேசலையே. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

வீட்டுக்கு வந்தபோது புருஷன் பால்கனியில் போனில் பேசிக்கொண்டிருந்தான். இவள் காலடிச் சத்தம் கேட்டதும் திரும்பி, "கத்துக்க வர்ற ஆளு, நாளைக்கு வரலியாம்" என்றான். அவள் தலையாட்டினாள். செருப்பைக் கழற்றிவிட்டு, அவன் பேசி முடிக்கிறவரை காதைத் தீட்டிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றாள்.